மின் கட்டணக் கணக்கை மக்களுக்கு விளக்கக் கோரி மனு

அனுப்புநர்:
சிறு தேயிலை விவசாயக் குடும்பங்கள்,
கோத்தகிரி சுற்றுவட்டாரம்,
நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
நீலகிரி மாவட்டம், உதகமண்டலம்.

பொருள்: மின் கட்டணம் எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதைப் பில்லில் தமிழில் காட்டவும், பனிக்காலத்துக்கு முன் கிராம சபையில் விளக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். பச்சைத் தேயிலைக்கு என்ன விலை கிடைக்கும் என்று தெரியாமலே மாதத்தை ஓட்டும் குடும்பங்கள் நாங்கள். கரண்ட் பில்லாவது எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே போட்டுப் பார்க்க முடிந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

மலையில் வெந்நீர் ஆடம்பரம் இல்லை. 20 லிட்டர் வாளித் தண்ணீரை 12 டிகிரியிலிருந்து 42 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ 0.7 யூனிட் ஆகும். சமவெளியில் தண்ணீர் 27 டிகிரி இருந்தால் அதில் பாதி போதும். நான்கு பேர் தினமும் ஒரு வாளி குளித்தால், 60 நாளில் குளியலுக்கு மட்டுமே 168 யூனிட். 1,000 வாட் ரூம் ஹீட்டரை இரவில் இரண்டு மணி நேரம் போட்டால் இன்னும் 120 யூனிட். குழந்தைகளும் வயதானவர்களும் உள்ள வீட்டில் இதை எப்படி நிறுத்துவது?

சிக்கல் 500 யூனிட்டைத் தாண்டும்போது வருகிறது. 2022 செப்டம்பரில் அமலான கட்டணத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். அதன்படி இரண்டு மாதத்துக்கு 480 யூனிட் ஓடினால் 1,605 ரூபாய். 520 யூனிட் ஓடினால் 2,110 ரூபாய். கூடுதல் 40 யூனிட்டுக்கு 505 ரூபாய்! 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் 2.25 ரூபாய்க்குப் பதில் 4.50 ரூபாய் ஆகிவிடுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். அதற்குப் பிறகு விகிதங்கள் மாறியிருக்கின்றன. ஆனால் இப்படி ஒரு கணக்கு இருப்பதே எங்களில் பலருக்குத் தெரியாது. மீட்டர் கெட்டுவிட்டது என்றுதான் நினைக்கிறார்கள்.

நாளொன்றுக்கு 8 யூனிட் செலவாகும் வீட்டில் 60 நாளுக்கு 480, 65 நாளுக்கு 520. கணக்கெடுக்க ஐந்து நாள் தாமதமானாலே மேலே சொன்ன 505 ரூபாய் ஏறிவிடும். அடுத்த முறை 55 நாளில் எடுத்தாலும் 240 ரூபாய்தான் குறையும், மீதி எங்கள் கையிலிருந்து போனதுதான்.

ஆகவே, முந்தைய கணக்கெடுப்புக்கும் இப்போதைய கணக்கெடுப்புக்கும் இடையில் எத்தனை நாள், எந்தப் படிநிலையில் எத்தனை யூனிட், அதற்கு எவ்வளவு ரூபாய் என்று பில்லிலும் குறுஞ்செய்தியிலும் தமிழில் வருமாறு மின்வாரியத்துக்குப் பரிந்துரைக்க வேண்டுகிறோம். கணக்கெடுக்கும் தேதியை முன்பே தெரிவித்து, வெள்ளை அட்டையில் ரீடிங்கை எழுதித் தரச் சொல்லுங்கள். தாமதமானால் 60 நாளுக்கு உரிய அளவில் பிரித்துக் கணக்கிட வழி உண்டா என்பதையும் கேட்டுச் சொல்ல வேண்டும்.

1932-இலிருந்து எங்கள் மாவட்டத்துப் பைக்காரா ஆற்றின் தண்ணீர் மின்சாரமாகி மலையை விட்டு இறங்குகிறது. அந்த மின்சாரத்தின் கணக்கைத் தெரிந்துகொள்ளும் உரிமை இங்குள்ள வீடுகளுக்கும் உண்டு என்று நம்புகிறோம்.

அக்டோபர் 2 கிராம சபைக்கு மின்வாரிய அலுவலர் ஒருவரை வரவழைத்து, நடப்புக் கட்டண விகிதத்தை வைத்து ஒரு வீட்டுப் பில்லை எல்லார் முன்னாலும் போட்டுக் காட்ட உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். டிசம்பர், ஜனவரி உறைபனிக்கு முன் நடந்தால்தான் பயன்படும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கோத்தகிரி சுற்றுவட்டாரச் சிறு தேயிலை விவசாயக் குடும்பங்கள்