வாக்கியக் கணக்கில் விடையை எங்கே சரிபார்ப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒன்பதாம் வகுப்பில் இரு மாறிகளில் அமைந்த நேரிய சமன்பாடுகளைப் படிக்கும் நம் மாணவர்கள், பிரதியிடல், நீக்கல், குறுக்குப் பெருக்கல் ஆகிய முறைகளில் பெரும்பாலும் நல்ல தேர்ச்சி பெற்றுவிடுகிறார்கள். ஆனால் கரும்பலகையில் எழுதிப்போட்ட இரண்டு சமன்பாடுகளைப் பிழையின்றித் தீர்க்கும் அதே மாணவர், அவை மூன்று வரி வாக்கியத்துக்குள் இருக்கும்போது தடுமாறிப்போகிறார். பல ஆண்டுகள் இப்பாடத்தைக் கற்பித்தவன் என்ற முறையில், இதற்கு முக்கியமான காரணம் என்று நான் கருதும் ஒன்றைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கணித ஆசிரியர்கள், பெற்றோர், வினாத்தாள் தயாரிப்போர் ஆகியோரின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு: ஒரு தந்தையின் வயது மகனின் வயதைப் போல் 3 மடங்கு. 5 ஆண்டுகளுக்கு முன்பு அது 4 மடங்காக இருந்தது. இருவரின் தற்போதைய வயது என்ன? முதல் சமன்பாட்டை எல்லோரும் சரியாகவே எழுதுகிறார்கள்: தந்தை = 3 × மகன். இரண்டாவதில்தான் இடறுகிறார்கள். மகனின் வயதில் மட்டும் ஐந்தைக் கழித்துவிட்டுத் தந்தையை இன்றைய வயதிலேயே நிறுத்தி, தந்தை = 4 × (மகன் − 5) என்று எழுதியிருக்கும் விடைத்தாள்களை ஒவ்வோர் ஆண்டும் பார்த்து வந்திருக்கிறேன். இதைத் தீர்த்தால் மகனுக்கு 20, தந்தைக்கு 60 என்று வரும். மாணவர் இந்த எண்களைத் தாம் எழுதிய சமன்பாடுகளில் இட்டுப் பார்க்கிறார். 60 என்பது 20-இன் மூன்று மடங்கு. 15-இன் நான்கு மடங்கு. இரண்டும் பொருந்திவிடுவதால், 'சரிபார்த்தல்' என்று எழுதி அடிக்கோடிட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார். சமன்பாட்டுக்குப் போகாமல் வினாவின் வாக்கியத்துக்கே திரும்பியிருந்தால், ஐந்து ஆண்டுகளுக்கு முன் மகனுக்கு 15, தந்தைக்கு 55 என்பதும், 55 என்பது 15-இன் நான்கு மடங்கு அல்ல என்பதும் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். சரியான விடை 15, 45.

சமன்பாட்டையே தவறாக அமைத்தவருக்கு அந்தச் சமன்பாட்டில் செய்யும் சரிபார்ப்பு எந்த எச்சரிக்கையும் தராது. இதைக் கவனக்குறைவான பிள்ளைகளின் பிழை என்று ஒதுக்கிவிட முடியாது. 'ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைப் போல் ஆறு மடங்கு மாணவர்கள் உள்ளனர்' என்பதைச் சமன்பாடாக எழுதச் சொன்னபோது, அமெரிக்காவில் பொறியியல் முதலாண்டு மாணவர்களிலேயே மூன்றில் ஒருவருக்கு மேல் தவறாக எழுதியதையும், அவர்களில் பெரும்பாலோர் ஆறைப் பேராசிரியர் பக்கம் வைக்காமல் (மாணவர் = 6 × பேராசிரியர் என்பதே சரி) மாணவர் பக்கம் வைத்துத் தலைகீழாக்கியதையும் 1981-இல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது.

கணக்கின் வாக்கியத்தைப் பொருளோடு படிக்கப் பழகியவருக்கு வேறு கதவுகளும் திறக்கின்றன. ஒன்பதாம் நூற்றாண்டில் இராட்டிரகூட மன்னர் அமோகவர்ஷரின் காலத்தில் வாழ்ந்த மகாவீரர் தமது கணித நூலில் ஒரு பழக்கணக்கைத் தந்திருக்கிறார்: 9 நாரத்தைக்கும் 7 விளாம்பழத்துக்கும் சேர்ந்து விலை 107, 7 நாரத்தைக்கும் 9 விளாம்பழத்துக்கும் விலை 101. கெழுக்களை, அதாவது மாறிகளின் முன்னுள்ள எண்களை, சமமாக்கி நீக்கல் முறையில் செய்யலாம். ஆனால் இரண்டு கொள்முதலையும் மனத்தில் நிறுத்திப் பார்த்தால், இரண்டையும் சேர்த்து 16 நாரத்தையும் 16 விளாம்பழமும் 208 ஆகின்றன, எனவே ஒவ்வொன்றில் ஒன்றாகச் சேர்ந்து 13. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால், 2 நாரத்தை 2 விளாம்பழத்தைவிட 6 அதிகம், ஆகவே ஒரு நாரத்தை ஒரு விளாம்பழத்தைவிட 3 அதிகம். நாரத்தை 8, விளாம்பழம் 5. காகிதமே தேவைப்படாத இந்த வழி எனக்கு இன்றும் மகிழ்ச்சி தருகிறது. தீர்வே இல்லாத கணக்குகளும் இப்படிப் படித்தால்தான் விளங்கும். 2 நோட்டும் 3 பேனாவும் 90 ரூபாய் என்ற கடையில் 4 நோட்டும் 6 பேனாவும் 200 ரூபாய் என்றால், இச்சமன்பாடுகளை வரைந்தால் கிடைக்கும் இணைகோடுகள் வெட்டிக்கொள்ளா என்று மனப்பாடமாகச் சொல்வதோடு நில்லாமல், இரண்டு முறையும் ஒரே விலை போடப்படவில்லை என்று மாணவர் சொல்ல வேண்டும்.

ஆனால் வயதுக் கணக்கு, படகுக் கணக்கு, ஈரிலக்க எண் கணக்கு என்று வகை பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சமன்பாட்டு வடிவத்தை மனப்பாடம் செய்யவைப்பதே பல இடங்களில் பயிற்சி என்று நடக்கிறது. அவ்வாறு பயின்ற பிள்ளை, வினாவின் ஒரு சொல் மாறினாலும் பழைய வடிவத்தையே எழுதிவைக்கிறது. மாறி எதைக் குறிக்கிறது என்று அலகுடன் முதல் வரியில் எழுதுவதற்கும், விடையை வினாவின் வாக்கியத்தில் பொருத்திக் காட்டுவதற்கும் தனித்தனியே மதிப்பெண் ஒதுக்குமாறு வினாத்தாள் தயாரிப்போரைக் கேட்டுக்கொள்கிறேன். மதிப்பெண் உண்டு என்றால் வகுப்பறையில் அதற்கு நேரமும் ஒதுக்கப்படும். அத்துடன், தவறான சமன்பாடு ஒன்றைக் கொடுத்து, அது வினாவின் எந்த வாக்கியத்தோடு முரண்படுகிறது என்று எழுதச் சொல்லும் வினா ஒன்றையாவது பருவத் தேர்வுகளில் சேர்க்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணிதப் பட்டதாரி ஆசிரியர்,
விருதுநகர் மாவட்டம்.