நவம்பர் 1, விடுதலை நாள்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றி அவளே உன்னிடம் சொல்லியிருப்பாள். உன் பிறப்புச் சான்றிதழோடு எங்கள் இருவருடைய பிறப்பு, திருமணச் சான்றிதழ்களையும் பிரெஞ்சு மொழிபெயர்ப்புடன் அனுப்பும்படி அவளிடம் கேட்டிருக்கிறாய். நகராட்சியில் எழுதிக் கொடுத்து வாங்கிவிட்டேன். எதற்கென்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கப்போவதில்லை. எந்தத் தாளானாலும் முழுவதும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே.

இன்று புதுச்சேரியில் அரசு விடுமுறை. அங்கே பிரான்சிலும் இன்று விடுமுறைதான் என்பதும், அது கல்லறைகளில் சாமந்தி வைக்கும் நாள் என்பதும் எனக்குத் தெரியும். 1954ஆம் ஆண்டு இதே நாளில்தான் பிரெஞ்சு நிர்வாகம் இந்தியாவின் கைக்கு மாறியது. அதற்கு முன், அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இணைப்புக்கு ஆதரவாகவும் 8 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். பாடம் நடத்தும்போது பிள்ளைகள் எல்லாரும் 170ஐ மனப்பாடம் செய்வார்கள்; நீ ஒருவன்தான் அந்த எட்டுப் பேரை ஊரார் பிறகு எப்படி நடத்தினார்கள் என்று என்னைக் கேட்டவன். அதை ஆசிரியர் அறையில் எத்தனை பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருப்பேன். அப்படிக் கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு, வீட்டாரிடம் ஒன்றைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

கொடி மாறியது 1954இல் என்றாலும், பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்பந்தத்தை ஏற்கத் தாமதித்ததால், சட்டப்படி ஊர் கைமாறியது 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே நீடிக்கலாம், மற்றவர்கள் இந்தியர் என்பது ஏற்பாடு. சின்னத் தாத்தா எழுதிக் கொடுத்தார், உன் தாத்தா கொடுக்கவில்லை. அந்த வீட்டுக்குச் சொல்தா பென்ஷன், அதாவது பிரெஞ்சுப் படைவீரர் ஓய்வூதியம், வந்ததை உன் ஆயா கடைசிவரை சொல்லிக் காட்டியது உனக்கும் தெரியும். ஆனால் அண்ணனும் தம்பியும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசித்தான் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். இரண்டில் ஒன்றைத் தவறு என்று நான் இன்றுவரை சொன்னதில்லை.

தெரிந்தவர் ஒருவர் கேட்டதற்காகச் சிலவற்றை விசாரித்து வைத்தேன். நம் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால் இங்குள்ளது போய்விடும், பாஸ்போர்ட்டையும் ஒப்படைக்க வேண்டும். அதன்பின் வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் ஓசிஐ அட்டை வாங்கினால் விசா இல்லாமல் வந்துபோகலாம், வாக்களிக்க முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. திரும்ப வரும் எண்ணம் இருப்பவன் இதையெல்லாம் முன்பே யோசிக்க வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம் என்றும் சொன்னேன்.

சான்றிதழ்களை நாளை மறுநாள் விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். மொழிபெயர்ப்பில் அம்மாவின் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள். ஓர் எழுத்து மாறினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அம்மாவிடமாவது விஷயத்தைச் சொல்லிவிடு. அவள் என்னிடம் சொல்லிக்கொள்வாள்.

அன்புடன்,
அப்பா