பேசினாலும் ஆபத்து, பேசாவிட்டாலும் ஆபத்து

ஆசிரியருக்கு வணக்கம்.

நீதிமன்றத்துக்குப் போகாமலே தீர்த்துக்கொள்ள வழியிருந்தும், ஆஸ்திரேலியப் பூர்வகுடிச் சிறார்களே தடுப்பு மையங்களில் ஏன் இத்தனை பேர் என்று தங்கள் இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தைப் பொறுத்தவரை, முடிச்சு காவல் நிலையத்தின் முதல் ஒரு மணி நேரத்திலேயே விழுந்துவிடுகிறது.

அங்கே 1997ஆம் ஆண்டின் இளம் குற்றவாளிகள் சட்டம் 10 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்கு மூன்று வழிகளைத் தருகிறது: நின்ற இடத்திலேயே எச்சரிக்கை, பெரியவர் முன்னிலையில் முறையான கண்டிப்பு, பாதிக்கப்பட்டவரும் குடும்பமும் சேர்ந்து உட்காரும் கூட்டம். எச்சரிக்கைக்கு எதையும் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. மற்ற இரண்டுக்கும் 'நான்தான் செய்தேன்' என்று பிள்ளை சொல்லியாக வேண்டும்.

கடையில் சார்ஜர் திருடியதாகப் பிடிபட்ட 14 வயதுப் பையனை எண்ணிப் பாருங்கள். பூர்வகுடியினரைக் காவலில் எடுத்தால் அவர்களுக்கான சட்ட உதவி அமைப்புக்குப் போலீஸ் தகவல் சொல்லியாக வேண்டும். தொலைபேசியில் வரும் வழக்கறிஞர், 'ஒன்றும் சொல்லாதே' என்பார். சரியான அறிவுரைதான், சொன்னது நாளை நீதிமன்றத்தில் அவனுக்கே சாட்சியாகும். ஆனால் ஒப்புதல் இல்லையென்றால் கண்டிப்பு இல்லை, நேரே வழக்குதான். இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. நடுச்செவி நோயால் காது மந்தமான பூர்வகுடிப் பிள்ளைகள் நிறைய. கேள்வி பிடிபடாமல் எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' போட்டுச் செய்யாததையும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

இரண்டுக்கும் நடுவே ஒரு படிவம் இருக்கிறது. கண்டிப்புக்கோ கூட்டத்துக்கோ அனுப்பினால் மட்டுமே இந்த ஒப்புதல் செல்லும், நீதிமன்றத்தில் பயன்படுத்தக் கூடாது என்று வழக்கறிஞர் எழுதி அனுப்புவார். காவல் நிலையத்தில் கேள்வி கேட்கத் தொடங்கும் முன்பே இது போலீஸ் கையில் இருக்க வேண்டும். பேசி முடித்த பிறகு வரும் படிவத்தால் பயனில்லை.

இன்னொரு தடை, மூன்று கண்டிப்பு என்ற உச்சவரம்பு. 11, 12 வயதுக்குள் சில்லறைத் தப்புகளுக்கே மூன்றும் தீர்ந்துபோன பிள்ளைக்கு 15 வயதில் அந்தக் கதவு மூடிவிடுகிறது. சீக்கிரமாகவும் அடிக்கடியும் போலீஸ் கண்ணில் படுவது பூர்வகுடிப் பிள்ளைகள்தான். இந்த வரம்பை எடுத்தே ஆக வேண்டும்.

கண்டிப்பைப் போலீஸ்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை. சமூகத்தில் மதிப்புள்ள ஒருவர் சொல்லவும் அதே சட்டம் இடம் தருகிறது. சீருடைக்கு நிமிராத தலை, தன் குலத்து மூத்தவர் குரலுக்கு நிமிரும். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் அந்த மூத்தவர்களின் பெயர்ப் பட்டியல் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
இளையோர் வழக்குகளில் பணியாற்றும் சட்டப் பணியாளர்கள்,
சிட்னி