தொட்டியின் விளிம்பிலேயே பிடித்துவிடு

அன்புள்ள நண்பனுக்கு,

அமிலத் தொட்டிகள் உள்ள பிரிவின் பொறுப்பு உன்னிடம் வந்திருக்கிறது என்று படித்தபோது மகிழ்ச்சியும் கவலையும் சேர்ந்தே வந்தன. பழுப்புப் புகை குறையாததால் கூரையில் இன்னும் பெரிய உறிஞ்சுவிசிறி பொருத்தப் போவதாக எழுதியிருக்கிறாய். அதை வாங்குவதற்கு முன் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் இன்றே எழுத உட்கார்ந்தேன்.

விசிறி ஊதும் காற்று நெடுந்தூரம் பாயும். உறிஞ்சும் காற்றுக்கு அந்த வீச்சு இல்லை. உறிஞ்சும் குழாயின் வாயிலிருந்து அதன் விட்டத்தின் அளவு தள்ளிப் போனாலே, காற்றின் வேகம் வாயில் இருந்ததில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. கூரையில் இருக்கும் விசிறி எத்தனை பெரியதானாலும் கீழே தொட்டியில் எழும் புகையை அது இழுத்துப் பிடிக்காது. கூடம் முழுவதும் பரவவிட்ட பிறகே கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றும். தொட்டிக்கு நேர் மேலே குடைபோல் கவிந்த உறிஞ்சுமூடியான ஹூட் வைத்தாலும் எனக்கு நிறைவில்லை, ஏனென்றால் உலோகத்தை முக்கி எடுப்பதற்காகக் குனிகிறவரின் முகம் தொட்டிக்கும் ஹூட்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. மேலே போகும் புகை முழுவதும் அவர் மூக்கைக் கடந்துதான் போகும். தொட்டியின் விளிம்பை ஒட்டி நீண்ட பிளவு வாய் அமைத்துப் பக்கவாட்டில் உறிஞ்சுவதே சரி. தொட்டி அகலமானதென்றால் ஒரு விளிம்பிலிருந்து மென்மையாகக் காற்றை வீசி, எதிர் விளிம்பில் உறிஞ்ச வேண்டும். வெளியே தள்ளும் அளவுக்குப் புதுக் காற்று உள்ளே வர வழியில்லாவிட்டால் எந்த விசிறியும் திணறும் என்பதையும் மறந்துவிடாதே.

நைட்ரிக் அமிலத்தின் பழுப்புப் புகையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். நாம் சேர்ந்து வேலை பார்த்த இடத்தில், ஒரு பிற்பகலில் அந்தப் புகையைச் சுவாசித்த அந்த இளைஞன், சற்று இருமிவிட்டு, ஒன்றுமில்லை என்று சொல்லி வீட்டுக்குப் போனான். நள்ளிரவில் மூச்சுவிட முடியாமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்தப் பழுப்புப் புகையில் உள்ள நைட்ரஜன் டையாக்சைடு பல மணி நேரம் கழித்தே நுரையீரலில் நீர் கோக்கச் செய்யும் என்பது அன்று நம் மேற்பார்வையாளர்கள் யாருக்கும் தெரியவில்லை. அவன் பிழைத்தான் என்பதை நினைத்து இன்றும் ஆறுதல் கொள்கிறேன். உன் பிரிவில் அப்படி யாராவது சுவாசித்துவிட்டால், நலமாக இருக்கிறேன் என்று அவரே சொன்னாலும் வீட்டுக்கு அனுப்பாதே. மருத்துவரின் கண்காணிப்பில் வை.

புகையை எழாமலே செய்ய முடியுமா என்று முதலில் பார். துரு நீக்கும் நைட்ரிக் அமிலக் கலவையில் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கட்டுப்பாட்டுடன் சேர்த்தால் பழுப்புப் புகை வெகுவாகக் குறைகிறது. வினை தெரிந்த வேதியியலாளர் அருகில் இல்லாமல் இதை முயலாதே. வேலை இல்லாத நேரங்களில் மூடியைப் போடுவதற்கு அந்தச் சிரமமும் இல்லை. காஸ்டிக் சோடாக் கரைசலால் புகையைக் கழுவும் ஸ்கரப்பர் கோபுரத்தை நம்பியிருக்கிறாய். ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலிருந்து எழும் ஹைட்ரஜன் குளோரைடு அதில் எளிதாகக் கரையும், ஆனால் பழுப்புப் புகையோடு சேர்ந்து எழும் நைட்ரிக் ஆக்சைடு நீரில் மிகக் குறைவாகவே கரைவதால் அதே கோபுரம் இங்கே பெரிதாகக் கைகொடுக்காது. கரைசலில் காரம் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் பி.எச். அளவை ஒவ்வொரு ஷிஃப்டிலும் குறித்து வைக்கச் சொல். காரம் தீர்ந்த பின்னும் பம்பு ஓடிக்கொண்டுதான் இருக்கும். பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும்.

கழிவுக் குழியைத் தனியாகக் குறிப்பிடுகிறேன். சல்பைடு கலந்த கசடில் அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு எழும். காற்றைவிடக் கனமானதால் அடியிலேயே தங்கும். அழுகிய முட்டை நாற்றம் காட்டிக்கொடுக்கும் என்று நம்பி இறங்குகிறார்கள், ஆனால் ஏறத்தாழ 100 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) அளவிலேயே மூக்கு மரத்துப்போய் நாற்றம் நின்றதுபோல் தோன்றிவிடும். கருவியால் அளக்காமல், மேலே ஓர் ஆள் நிற்காமல், யாரையும் இறங்க விடாதே. வடிகட்டி பொருத்திய முகமூடி ஆக்சிஜனைத் தராது. காற்றில் அது 19.5 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் தனிக் காற்று வழங்கும் கருவிதான் வேண்டும். தூசிக்கான துணி முகமூடி வாயுவைச் சிறிதும் தடுக்காது.

என்னைப் பற்றிக் கேட்டிருந்தாய். இருமல் இன்னும் விடவில்லை. சென்ற வாரம் பார்த்த மருத்துவர், என்ன தொழில் செய்தீர்கள் என்றுதான் முதலில் கேட்டார். நோயாளியிடம் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று இத்தாலிய மருத்துவர் ரமாசினி 1700-லேயே வலியுறுத்தியிருக்கிறார்; என்னிடம் அதைக் கேட்ட முதல் மருத்துவர் இவர்தான். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்து மூச்சுத்திறன் அளவு இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றார். அப்படி ஒன்று எடுக்கப்படவே இல்லை. உன் பிரிவில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே அந்தச் சோதனையைச் செய்து பத்திரப்படுத்து.

காற்று போகும் திசையைக் காட்டும் சோதனைப் புகைக்குழல் ஒன்றை வாங்கித் தொட்டி விளிம்பில் புகையவிட்டு, அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டு எனக்கு எழுது. தொட்டியின் நீள அகலத்தையும் சேர்த்து எழுதினால், பிளவு வாயின் அளவை இருவருமாகக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

அன்புடன்,
உன் நண்பன்