மன்னார் காற்றும் தொடர் கொள்ளளவியும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

மன்னார்க் காற்றாலை மின்சாரத்தைக் கொழும்புக்குக் கொண்டுவருவது பற்றிச் சென்ற ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். இப்படியான விஷயங்களைத் தமிழில் எழுத ஆட்கள் குறைவு. எழுதியவருக்கு என் நன்றி. ஆனால் அதில் ஒரு வரி என்னை இரண்டு நாளாக விடவில்லை. மின்கம்பிப் பாதையில் தொடர் கொள்ளளவிகளை (கம்பியோடு வரிசையாக இணைக்கும் கபாசிற்றர்களை) பொருத்தினால், அவை காற்றடிக்கும் நேரத்தில் மின்சாரத்தைச் சேமித்து மாலையில் தரும் என்று அதில் இருந்தது.

அது பற்றரியின் வேலை. கொள்ளளவியும் சேமிக்கும்தான். ஆனால் நம் கம்பிகளில் திசை மாறி மாறி ஓடும் 50 ஹேர்ட்ஸ் ஆடலோட்டத்தில், வாங்கியதை ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடும். மாலை வரைக்கும் வைத்திருக்காது.

அப்படியானால் அதை எதற்குப் போடுகிறார்கள்? நீண்ட கம்பியில் ஆடலோட்டம் போகும்போது கம்பியைச் சுற்றி எழும் காந்தப்புலமே அதற்கு இடைஞ்சல். தூரம் கூடக்கூட இடைஞ்சலும் கூடும். கம்பியோடு தொடராக இணைத்த கொள்ளளவி அதற்கு நேரெதிராக நின்று ஒரு பகுதியைக் கழித்துவிடுகிறது. 220 கிலோவோல்ற்றுப் பாதையில் இந்த இடைஞ்சல் கிலோமீட்டருக்குச் சுமார் 0.3 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 200 கிலோமீட்டருக்கு 60 ஓம். அதில் 24 ஓமைக் கழித்தால் மிச்சம் 36. அந்தப் பாதை இப்போது 120 கிலோமீட்டர்ப் பாதை போல நடந்துகொள்ளும். சுமை ஏற ஏற அதன் உதவியும் தானாக ஏறும், யாரும் போய் சுவிட்ச் போட வேண்டியதில்லை. எத்தனையோ வருடம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தும் இந்த இடம் வரும்போது எனக்கு இன்னும் வியப்புத்தான். சுவீடன் 1950-களில் வடக்கு ஆறுகளின் நீர்மின்சாரத்தைக் கிட்டத்தட்ட ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே கொண்டுபோனது இதன் துணையோடுதான்.

சரி, நமக்கு? மன்னாரில் இருந்து வரும் பாதை வவுனியா, அநுராதபுரம் என்று உப மின்நிலையங்களில் இறங்கி இறங்கி வருகிறது. ஒவ்வொரு துண்டும் குட்டை. குட்டைப் பாதையில் எவ்வளவு மின்சாரம் அனுப்பலாம் என்பதற்கு, கம்பி எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதுதான் எல்லை. அந்த எல்லையைக் கொள்ளளவியால் உயர்த்த முடியாது. 2021 டிசம்பரில் கொத்மலை–பியகம பாதையில் வந்த கோளாறோடு நாடே இருண்டதை நாம் பார்த்தோம். ஒரு பாதை போனால் சுமையைத் தாங்க இன்னொரு பாதை வேண்டும். கையில் பணம் இருந்தால் முதலில் அங்கேதான் போட வேண்டும் என்பது என் கருத்து.

கட்டுரை தொடாத இன்னொன்று, ஆபத்து. தொடர் கொள்ளளவியும் கம்பியும் சேர்ந்தால் ஊஞ்சலைப் போலத் தமக்கென்று ஓர் ஆட்ட வேகம் வந்துவிடும். அது மின்னியந்திரத்தின் ஆட்டத்தோடு ஒத்துப்போனால் ஆட்டம் பெருகிக்கொண்டே போகும். அமெரிக்காவின் நெவாடாவில் மொஹாவே அனல்மின் நிலையத்தில் 1970-இலும் 1971-இலும் ஜெனரேற்றரின் தண்டே சேதமானது இதனால்தான். காற்றாலைக்கும் இது வரும். 2009-இல் டெக்சாஸில் ஒரு பாதை அறுபட்டதும், அங்கிருந்த காற்றாலைகள் தொடர் கொள்ளளவி பொருத்திய பாதையோடு தனியே மாட்டிக்கொண்டன. அந்த ஆட்டம் பெருகி, காற்றாலைகளுக்குள் இருந்த மின்னணுப் பாகங்கள் பழுதாகின. மன்னாரில் இதைப் போட வேண்டும் என்று சொல்பவர்கள் முதலில் இந்த ஆபத்தை ஆராய்ந்தார்களா என்று கேட்க வேண்டாமா?

என்னிடம் உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகள் உங்கள் பத்திரிகையில் வரும் அறிவியல் பக்கங்களை வெட்டிக் கொப்பியில் ஒட்டி வைக்கிறார்கள். சென்ற வாரக் கட்டுரையையும் ஒட்டியிருப்பார்கள். ஆகவே அந்த ஒரு வரிக்கு மட்டும் அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின் பொறியியல் விரிவுரையாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06