விருப்ப வரிசையை எழுதும் முன்

ஹட்டன்

அன்பு மகளுக்கு,

நாங்கள் நலம். நீயும் அங்கு உடல்நலத்தோடு இருக்க வேண்டும் என்பதே எங்கள் பிரார்த்தனை. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எதை முதலில் போடுவது, எதை விடுவது என்று நீ தொலைபேசியில் கேட்டாய். நீ வேலை செய்யும் கடையில் ஆட்கள் நிற்க, அவசரத்தில் பேசி முடிக்கக்கூடிய விடயம் அல்ல அது. அதனால் உன் பெறுபேற்றுத் தாளையும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்ததை நிதானமாக எழுதுகிறேன். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புவேன்.

உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடத்திலும் ஒரே தடவையில் சித்தி, அதோடு எழுதிய பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளி என்ற அடிப்படைத் தகுதியை நீ தாண்டிவிட்டாய். ஆனால் தகுதி பெறுகிறவர்களில் பெரும்பகுதியினருக்கு அரச பல்கலைக்கழகத்தில் இடமில்லை என்பது உனக்கும் தெரியும். ஆகவே நாம் பார்க்க வேண்டியது நீ போட்டியில் எங்கே நிற்கிறாய் என்பதைத்தான்.

இரண்டு பி, ஒரு சி என்று எல்லோரிடமும் சொல்லி வருத்தப்படுகிறாய். எழுத்துகளை வைத்து வருத்தப்படாதே, தெரிவில் அவற்றுக்கு வேலை இல்லை. 2001ஆம் ஆண்டு முதல் இசட் புள்ளிதான் கணக்கு. ஒரு பாடத்தில் நீ பெற்ற புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, வருவதை நியம விலகலால், அதாவது எல்லோரது புள்ளிகளும் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்திருக்கின்றன என்ற அளவால், வகுக்கிறார்கள். மூன்று பாடத்துக்கும் அப்படி வருவதன் சராசரியே உன் இசட் புள்ளி. சராசரி 40, நியம விலகல் 15 உள்ள பாடத்தில் 70 எடுத்தவருக்கு 2 கிடைக்கும். சராசரி 50, நியம விலகல் 20 உள்ள பாடத்தில் அதே 70க்கு 1 மட்டுமே கிடைக்கும். பௌதிகவியல் வினாத்தாள் கடினமாக இருந்தது என்று பரீட்சை மண்டபத்திலிருந்து அழுதுகொண்டு வந்தாயே, அந்தக் கடினம் அதே வினாத்தாளை எழுதிய எல்லோருக்கும் பொதுவானது என்பதை இந்த முறை கணக்கில் எடுத்துக்கொள்கிறது. உன் சி அத்தனை பெரிய பாதகத்தைச் செய்யவில்லை.

இனி இடங்கள் பிரிக்கப்படும் விதத்தைப் பார். விஞ்ஞானப் பிரிவுக் கற்கைநெறி ஒன்றில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் சனத்தொகை விகிதப்படி மாவட்டங்களுக்கும், மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவையாக அறிவிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் போகின்றன. அந்த 16இல் நுவரெலியாவும் பதுளையும் இரத்தினபுரியும் உண்டு. கண்டியும் மாத்தளையும் இல்லை. 2012 குடிசன மதிப்பீட்டில் நமது நுவரெலியா மாவட்டத்தில் ஏறத்தாழ 7 இலட்சத்து 11 ஆயிரம் பேர், முழு நாட்டில் 2 கோடியே 3 இலட்சம் பேருக்கு மேல். அதாவது நமது பங்கு மூன்றரை வீதம். ஒரு கற்கைநெறியில் 1000 இடம் இருப்பதாக வைத்துக்கொள். மாவட்டங்களுக்கான 550இல் நமக்கு 19 வரும். பின்தங்கிய மாவட்டங்களுக்கான 50இல் நமது பங்கு ஏறத்தாழ 4. ஆக 23 இடம். இவற்றுக்கு மேல், திறமை அடிப்படையிலேயே உள்ளே போகும் நமது பிள்ளைகள் சிலர் இருப்பார்கள்.

இந்தக் கணக்கை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நீயும் உன் தோழிகளும் சென்ற ஆண்டு வெட்டுப்புள்ளியை வைத்துக்கொண்டு, இசட் புள்ளி சிறிது குறைகிறது கூடுகிறது என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறீர்கள். வெட்டுப்புள்ளி என்பது முன்கூட்டியே நிர்ணயித்து வைத்த எல்லை அல்ல. கடைசி இடத்துக்குத் தெரிவான பிள்ளையின் இசட் புள்ளி எதுவோ அதுவே அந்த ஆண்டின் வெட்டுப்புள்ளி. இடங்கள் கூடினால் அது இறங்கும், நல்ல பெறுபேறு பெற்றவர்கள் திரளாக அதே கற்கைநெறியை விரும்பினால் ஏறும். சென்ற ஆண்டுத் தொகை ஒரு திசையைக் காட்டும், அவ்வளவுதான். அதைவிட நம்பகமானது உன் பெறுபேற்றுத் தாளில் இசட் புள்ளியோடு அச்சாகியிருக்கும் மாவட்ட நிலை. உனக்கு மேலே எத்தனை பேர் என்று அது சொல்கிறது. அவர்களில் முதல் வரிசையில் நிற்பவர்கள் திறமை அடிப்படையில் போய்விடுவார்கள். சிலர் திரும்பப் பரீட்சை எழுதுவார்கள். சிலர் வேறு கற்கைநெறியை விரும்புவார்கள். அவர்களைக் கழித்துவிட்டு எஞ்சுவோரை இடங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் உன் நிலை ஓரளவு தெளிவாகும்.

அப்படிப் பார்த்ததில் எனக்குத் தெரிவதை மறைக்காமல் சொல்கிறேன். மருத்துவம் இம்முறை கிடைப்பது கடினம். மிருக வைத்தியம் எல்லையில் நிற்கிறது. வரலாம், வராமலும் போகலாம். விவசாயம் கிடைக்கும் என்று துணிந்து நம்பலாம், பேராதனையில் இல்லாவிட்டாலும் வேறொரு பல்கலைக்கழகத்தில். பதுளையில் 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தின் கற்கைநெறிகளையும் விட்டுவிடாதே.

நீ வாசித்துக் காட்டிய பட்டியலில் மிருக வைத்தியம் எட்டாவது இடத்தில் இருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, கிடைக்காததை மேலே போட்டால் கிடைக்கக்கூடியதும் கைவிட்டுப் போய்விடும் என்றாய். பிள்ளை, அது தவறான எண்ணம். உன் இசட் புள்ளிக்கு எட்டக்கூடியவற்றுள், நீ எழுதிய வரிசையில் எது மேலே இருக்கிறதோ அதற்கே உன்னைத் தெரிவு செய்வார்கள். எட்டாத ஒன்றை முதலாவதாக எழுதியதற்காக மூன்றாவதில் உன் இடத்தை யாரும் பின்தள்ள மாட்டார்கள். மாறாக, பயத்தில் கீழே எழுதிய ஒன்று உனக்குக் கிடைக்கக்கூடியதாக இருந்தாலும், மேலே எழுதியது முதலில் கிடைத்துவிட்டால் அதோடு உன் விண்ணப்பம் முடிந்துவிடும். தோட்டத்தின் மேல் பிரிவில், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் சினைப்பசு கன்று போட முடியாமல் தவித்த இரவில், மிருக வைத்தியர் வரும்வரை நனைந்த சாக்கைப் பிடித்துக்கொண்டு நகராமல் நின்றவள் நீ. நாட்டில் அந்தப் பீடம் பேராதனையில் மட்டுமே இருக்கிறது. உண்மையாக விரும்புகிறாய் என்றால் அதை விரும்பிய இடத்தில் எழுது.

இப்போது நீ தயங்கித் தயங்கிச் சொன்ன விடயத்துக்கு வருகிறேன். கொழும்பு மாவட்டத்தில் எழுதியிருந்தால் இந்தப் புள்ளிக்கு ஒன்றும் கிடைக்காது, நீ கோட்டாவில், அதாவது மாவட்ட ஒதுக்கீட்டில் போகிறவள் என்று உன்னோடு வேலை செய்யும் பிள்ளை சொன்னதாகவும், அப்படிப் போவதைவிடப் போகாமல் இருக்கலாம் போலிருக்கிறது என்றும் சொன்னாய். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில், பரீட்சை எழுதும் மொழியைப் பொறுத்துத் தகுதிப் புள்ளியை வேறுபடுத்திய மொழிவாரித் தரப்படுத்தல் வந்தபோது வடக்கில் தமிழ்ப் பிள்ளைகள் பட்ட காயத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. மாவட்ட ஒதுக்கீடும் அந்தக் காலத்தின் தொடர்ச்சியாக வந்ததுதான். ஆனால் அந்த வாதங்கள் நடந்த நாட்களில் நமது தோட்டத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் போட்டிக்கே வரவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பெருமளவில் பொறுப்பேற்றதே எழுபதுகளிலிருந்துதான். ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்புகளை ஓர் ஆசிரியர் நடத்திய பாடசாலையில் படித்தவன் நான். இன்றும் மலையகத்தில் தமிழ் மொழியில் பௌதிகவியலும் இரசாயனவியலும் உயர்தரத்துக்குக் கற்பிக்கும் பாடசாலைகள் குறைவு. உனக்கு ஒரு தவணை முழுவதும் பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லை. செய்முறை வகுப்பில் ஒரு நுணுக்குக்காட்டியைச் சுற்றிப் பதினைந்து பேர் நின்றதாக நீயே சொல்லியிருக்கிறாய். சனிக்கிழமைகளில் விடியுமுன் முதல் பஸ்ஸைப் பிடித்து வகுப்புக்குப் போய், இருட்டிய பின் டோர்ச் வெளிச்சத்தில் மலையேறி வந்து பெற்ற புள்ளி இது. வசதியுள்ள நகரத்துப் பாடசாலையில் பெற்ற புள்ளியோடு இதை ஒரே அளவில் நிறுப்பது நியாயமில்லை என்பதை ஏற்றுக்கொண்டுதான் அந்த ஒதுக்கீடு இருக்கிறது. அது சட்டப்படி உனக்குரிய இடம். உள்ளே போன பின் எல்லோருக்கும் ஒரே விரிவுரை, ஒரே பரீட்சை. அங்கே யாருக்கும் மாவட்டம் பார்த்துப் புள்ளி போடுவதில்லை.

உண்மையில் கோபப்பட வேண்டிய விடயம் வேறு. வெட்டுப்புள்ளி குறைவு என்பதற்காகவே வெளி மாவட்டங்களிலிருந்து இங்கு வந்து, பெயரை மட்டும் பாடசாலையில் பதிந்துவிட்டுப் பரீட்சை எழுதுகிறவர்களைப் பற்றி நமது பெற்றோர் நெடுங்காலமாக முறையிட்டு வருகிறார்கள். பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளில் கற்ற பாடசாலையை வைத்து மாவட்டத்தைத் தீர்மானிக்கும் விதி இருப்பது அதனால்தான். நம் பிள்ளைகள் கூச்சத்தில் ஒதுங்கினால் அந்த இடம் அப்படிப்பட்ட ஒருவருக்குப் போகும்.

திரும்ப எழுதுவது பற்றி அம்மாவுக்கும் எனக்கும் ஒரே கருத்து இல்லை. மூன்று தடவை வரை இடமுண்டு என்பதால் இன்னொரு முறை முயன்று மருத்துவத்துக்கே போகட்டும் என்பது அம்மாவின் ஆசை. இரண்டாம் முறையில் நன்றாக முன்னேறிய பிள்ளைகளை நானும் பார்த்திருக்கிறேன். அதே இடத்தில் நின்று மனம் உடைந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். உன் உயிரியல் உறுதியாக இருக்கிறது, கூட்ட வேண்டியது பௌதிகவியல் மட்டுமே என்பதால் முயற்சி வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டே படி. அழைப்பு வந்தால், அது நீ மனமார விரும்பிய கற்கைநெறி என்றால், போய்ப் பதிவு செய்துவிடு. ஒரு பல்கலைக்கழகத்தில் பதிந்த பின் அடுத்த ஆண்டு புதிதாகத் தெரிவாக முடியாது என்பதால், போக மனமில்லாத கற்கைநெறிகளைப் பட்டியலை நிரப்புவதற்காகச் சேர்க்காதே. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பம் கோரும்போது அதற்கும் தனியாகப் போடலாம். ஆசிரியத் தொழிலை நான் உனக்கு ஒருபோதும் இரண்டாந்தரமாகச் சொன்னதில்லை.

பணத்தைப் பற்றி யோசிக்காதே. மகாபொல புலமைப்பரிசில் கிடைக்கும் என்று நம்புகிறேன். கிடைக்கும்வரை என் சம்பளமும் அம்மாவின் சீட்டுப் பணமும் இருக்கின்றன.

பாடசாலையில் நீ படித்த காலத்தை உறுதிப்படுத்தும் கடிதத்தைத் திங்கட்கிழமை அதிபரைக் கண்டு வாங்கி வைக்கிறேன். அடையாள அட்டையில் உள்ள பெயரும் பெறுபேற்றுத் தாளில் உள்ள பெயரும் ஓர் எழுத்தும் பிசகாமல் ஒன்றாக இருக்கின்றனவா என்று நீ பார். பட்டியலைப் புதிதாக எழுதி, அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்பு. கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டாம், அன்று இணையம் வேலை செய்யாது.

அன்புடன்,
அப்பா