கோப்பையை ஊர்களுக்குக் கொண்டு வாருங்கள்: அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சம்மேளனத் தலைவர் அவர்களுக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2025 டிசம்பர் 7ஆம் தேதி கோவாவின் படோர்டா மைதானத்தில் எஃப்.சி. கோவா அணி, ஈஸ்ட் பெங்காலைப் பெனால்டி ஷூட் அவுட்டில் 6-5 என்று வென்று சூப்பர் கோப்பையை மூன்றாவது முறையாகக் கைப்பற்றியது. கோல் விழாத ஆட்டமாக இருந்தாலும் இரு அணிகளும் கடைசி உதை வரை விட்டுக்கொடுக்காமல் ஆடின. அந்த வீரர்களின் உழைப்பில் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. நாட்டின் கோப்பை என்று சொல்லப்படும் ஒரு போட்டியை முதல் ஆட்டம் தொடங்கி இறுதிப்போட்டி வரை ஒரே மாநிலத்துக்குள் நடத்தி முடித்தீர்களே, அதைப் பற்றித்தான் இந்த மடல்.

இது ஒரு பருவத்தில் மட்டும் நேர்ந்ததாக இருந்தால் நெருக்கடி என்று எண்ணிப் பொறுத்துக்கொண்டிருப்போம். 2018, 2019, 2024, 2025 ஏப்ரல் ஆகிய நான்கு முறையும் கோப்பை புவனேஸ்வரில் நடந்தது. 2023இல் கோழிக்கோட்டிலும் மஞ்சேரியிலும் நடந்தது. 2025 அக்டோபர் முதல் டிசம்பர் வரை கோவாவில் நடந்தது. 2020 முதல் 2022 வரை நடக்கவே இல்லை. இத்தனை ஆண்டுகளில் சென்னையில் ஒரு சூப்பர் கோப்பை ஆட்டம்கூட நடக்கவில்லை. 2019இல் சென்னையின் எஃப்.சி., சென்னை சிட்டி என்று இந்த நகரத்தின் பெயர் தாங்கிய இரண்டு அணிகள் அரையிறுதிக்கு வந்தன. ஒன்று இறுதிப்போட்டி வரை சென்றது. அந்த இரண்டு அணிகளின் ரசிகர்களும் அந்த ஆட்டங்களைத் தங்கள் ஊரில் பார்க்கவில்லை. சென்னைப் பிள்ளையான நந்தகுமார் சேகர் ஒடிசா அணிக்காக ஒரு முறையும், ஈஸ்ட் பெங்காலுக்காக இறுதிப்போட்டியில் கோல் அடித்து இன்னொரு முறையும் இந்தக் கோப்பையை வென்றவர். அவர் கோப்பையைத் தூக்கியதை அவருடைய ஊர்க்காரர்கள் கைப்பேசித் திரையில்தான் பார்த்தார்கள்.

ஒரு சாதாரண ரசிகனுக்கு இது என்ன பாடு என்பதைத் தயவுசெய்து ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். 2025இல் கோவாவில் சென்னையின் எஃப்.சி.க்கு அக்டோபர் 25, 28, 31 ஆகிய தேதிகளில் ஆட்டங்கள். சென்னையிலிருந்து கோவாவுக்கு அன்றாடம் நேரடி ரயில் கிடையாது. வியாசர்பாடியிலோ பெரம்பூரிலோ ஒரு பட்டறையில் நாள்கூலிக்கு வேலை பார்க்கும் ஒருவர் தன் அணியைப் பார்க்கப் போக வேண்டுமென்றால், போகவர ரயில் கட்டணம், அங்கே மட்காவ் நகரில் தங்க ஓர் அறை, அதற்கெல்லாம் மேலாக ஒரு வாரக் கூலி ஆகியவற்றை இழக்க வேண்டும். நேரு மைதானத்தில் ஆட்டம் நடந்தால் அதே மனிதர் வேலை முடித்து, கைகால் கழுவிக்கொண்டு, மகனைக் கூட்டிக்கொண்டு மின்சார ரயிலில் வந்து பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பியிருப்பார். கால்பந்தை இந்த நகரத்தில் இத்தனை காலமாக உயிரோடு வைத்திருப்பவர்கள் அப்படிப்பட்டவர்கள்தான். அவர்களுக்கு எட்டாத தொலைவில் ஒரு கோப்பையை நடத்திவிட்டு, மக்கள் ஆதரவு போதவில்லை என்று எந்தக் கூட்டத்திலும் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை என்று பணிவோடு சொல்லிக்கொள்கிறோம்.

ஆட்டமுறையிலும் நியாயம் இல்லை. தோற்றவர் வெளியேறுவது, வென்றவர் அடுத்த சுற்றுக்குப் போவது, இதுதான் நாக் அவுட் கோப்பை. 2025 ஏப்ரலில் அப்படித்தான் நடத்தினீர்கள். ஆறே மாதத்தில் அதைக் கைவிட்டு நான்கு அணிகள் கொண்ட குரூப் சுற்றுக்கு மாறினீர்கள். விளைவாக, மோகன் பகான் ஒரே ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் கோல் வித்தியாசத்தில் வெளியேறியது. மோகன் பகானிடம் 0-2 என்றும் ஈஸ்ட் பெங்காலிடம் 0-4 என்றும் தோற்று வாய்ப்பை இழந்துவிட்ட எங்கள் அணியோ, பயன் ஏதும் இல்லாத மூன்றாவது ஆட்டத்துக்காக அங்கேயே காத்திருந்தது. எந்த ஊர்க் கோடை விடுமுறைப் போட்டியிலும் இப்படி ஒரு கோப்பையை நடத்தினால் ரசிகர்கள் நடுவரைச் சூழ்ந்துகொண்டு கேள்வி கேட்டிருப்பார்கள்.

எனவே எங்கள் கோரிக்கை இதுதான்: கோப்பையை ஊர்களுக்குக் கொண்டு வாருங்கள். குலுக்கலில் முதலில் வரும் அணியின் சொந்த மைதானத்தில் ஆட்டம் நடக்கட்டும். மாநில லீக் அணிகளுக்கும் கதவைத் திறந்துவிடுங்கள்.

இது நம் நாட்டுக்குப் புதிதும் அல்ல. சூப்பர் கோப்பைக்கு முன் நாட்டின் கோப்பையாக இருந்தது பெடரேஷன் கோப்பை. 1977இல் எர்ணாகுளத்தில் நடந்த முதல் பெடரேஷன் கோப்பையை மோகன் பகானை வீழ்த்தி வென்றது பெங்களூரு ஐ.டி.ஐ. தொழிற்சாலை அணி. மறு ஆண்டு போட்டி கோயம்புத்தூருக்கு வந்தது. 1990இல் திருச்சூரிலும் 1991இல் கண்ணூரிலும் கேரள போலீஸ் அணி அடுத்தடுத்துக் கோப்பையை வென்றது. காலையில் பணிக்குப் போய் மாலையில் பயிற்சி எடுத்த ஆட்கள் நாட்டின் கோப்பையைத் தூக்கினார்கள். இன்று அப்படி ஓர் அணி எங்காவது இருந்தால், ஆடிக் காட்டித் தகுதி பெறுவதற்கு நீங்கள் வைத்திருக்கும் வழி என்ன? சென்னை சீனியர் டிவிஷனில் ஆடும் அலுவலக அணிகளுக்கும், குமரி மாவட்டத்தில் தூத்தூர் முதல் நீரோடி வரை கடற்கரை மணலில் வளரும் பையன்களுக்கும் இந்தக் கோப்பையில் இடம் எங்கே?

நாடு பெரியது, பயணச் செலவு தாங்காது என்று சொல்வீர்கள். பிரெஞ்சுக் கோப்பையில் கடல் கடந்த பகுதிகளின் அணிகளும் ஆடுகின்றன. நம் முன்னோர் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிப் போன ரீயூனியன் தீவிலிருந்து, பாரிஸுக்கு ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து, சாந்பியெருவாஸ் என்ற அணி 2020இல் நியோர் என்ற தொழில்முறை அணியைத் தோற்கடித்து கடைசி 32 அணிகளில் ஒன்றாக வந்தது. லீக் அடுக்கில் இரண்டு படி கீழே உள்ள அணிக்கே சொந்த மைதானம் என்பது அங்கே விதி. முதல் சுற்றுகளை அந்தந்த வட்டாரத்துக்குள் நடத்தினால் நம் அணிகள் பேருந்திலேயே போய் வந்துவிடும். தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, கர்நாடக அணிகள் தங்களுக்குள் மோதிக்கொள்ள விமானம் எதற்கு?

இந்தியன் சூப்பர் லீக் எப்போது தொடங்கும் என்றே தெரியாமல் வீரர்கள் தவித்த மாதங்களை நாங்கள் மறக்கவில்லை. 2025 ஆகஸ்டில் எங்கள் சென்னையின் எஃப்.சி. அணி தன் பணிகளை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. கோப்பையின் இறுதிப்போட்டி முடிந்த மறுநாளே லீக்கை நடத்திய நிறுவனத்தோடு நீங்கள் செய்திருந்த வணிக உரிமை ஒப்பந்தமும் காலாவதியானது. முடியப்போகும் தேதி பதினைந்து ஆண்டுகளாகத் தெரிந்திருந்த ஒரு ஒப்பந்தத்துக்கு மாற்று ஏற்பாடு செய்யாமல் விட்டதற்கு யார் பொறுப்பு என்று இன்றுவரை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அந்தக் கோபம் இந்த வரிகளில் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கோபம் நியாயமானது.

நாங்கள் கேட்பது பெரிய பணம் பிடிக்கும் காரியம் அல்ல. கோப்பையை ஊர்களுக்குக் கொண்டு வாருங்கள். தோற்றால் வெளியேறும் முறையை மீண்டும் கொண்டு வாருங்கள். மாநில லீக்குகளின் வெற்றியாளர்களுக்கு முதல் சுற்றில் இடம் கொடுங்கள். ரயிலில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கிறது. அதற்கு முன்பே ஆட்ட அட்டவணையை வெளியிடுங்கள், வெளியூர் ஆட்டத்துக்கும் நாங்கள் வந்து சேர்வோம். அடுத்த பருவத்தின் போட்டி விதிகளை இறுதி செய்வதற்கு முன், இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று பொதுவெளியில் ஒரு பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
சென்னைக் கால்பந்து ரசிகர்களில் ஒருவர்